பேரிகார்டு வைக்கும் ஐயாமாருக்கு

ஐயா, வணக்கம்.

மதுரை மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருப்பவன் எழுதுகிறேன். சித்திரைத் தேரோட்டத்துக்கு எங்கள் சந்து முனையில் வைத்த இரும்புத் தடுப்பு, அழகர் மலைக்குத் திரும்பிப் பல நாள் ஆகியும் அங்கேயே நிற்கிறது. ஒரு சக்கரம் கழன்று போய், அந்த இடத்தில் செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறது. மின்கம்பத்தோடு சேர்த்து நைலான் கயிற்றில் ஒரு கட்டு. நகைக்கடை விளம்பரத் தகடு மட்டும் இன்னும் பளபளவென்று இருக்கிறது. கேஸ் போடும் தம்பி முனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, சிலிண்டரைக் கடகடவென்று உருட்டிக்கொண்டு வருகிறார்.

திருவிழாவுக்குத் தடுப்பே கூடாது என்று சொல்ல வரவில்லை. அழகர் ஆற்றில் இறங்கும்போது கூடுகிற கூட்டத்தில் சிக்கியவன் நான். கம்பும் கயிறும் இல்லாவிட்டால் மிதிபட வேண்டியதுதான். நான் பேச வந்தது அதன் பெயரைப் பற்றி.

நம்ம ஊர் வாயில் அது 'பேரிகார்டு'. கார்டு மாதிரி காவல் நிற்பதால் வந்த பேர் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சரியாகச் சொன்னால் பேரிகேட். அதற்காகக் கேட், கதவு என்று போய்விடக் கூடாது. பிரெஞ்சில் 'பாரிக்' என்றால் பீப்பாய். போர்தோ பக்கத்து ஒயின் பீப்பாய் ஒன்று சுமார் 225 லிட்டர் பிடிக்கும். 1588 மே 12 அன்று பாரிஸில், ராஜா மூன்றாம் ஹென்றி சுவிஸ் கூலிப்படையை நகருக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பீப்பாய்களைத் தெருவுக்கு உருட்டி வந்து, மண்ணும் கல்லும் நிரப்பி, முனைக்கு முனை அடைத்துவிட்டார்கள். படை நகர வழியில்லை. மறுநாள் ராஜா ஊரைவிட்டே ஓடினார். வரலாற்றில் அந்த மே 12-க்குப் பெயரே 'பேரிகேட் நாள்'. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் சொல் இங்கிலீஷிலும் புகுந்துவிட்டது.

ஆகக்கூடி, சனங்கள் ராஜாவுக்கு வைத்ததை இப்போது நீங்கள் சனங்களுக்கு வைக்கிறீர்கள். அதைக்கூட விடுங்கள். பீப்பாயில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, ஐயா. காலியாக இருந்தால் ஒரே ஆள் உருட்டிவிடலாம். நிரப்பினால் நாலு பேர் தள்ளினாலும் அசையாது. வேலை முடிந்து மண்ணைக் கொட்டிவிட்டால் மறுபடி பீப்பாய்தான். ரோடு போடுகிறவர்கள் மண் நிரப்பி வைக்கிற பழைய தார் டிரம் இருக்கிறதே, அதுதான் அசல் பேரிகேட். அவர்களாவது வேலை முடிந்ததும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள் (பெரும்பாலும்).

இத்தனைக்கும் இது கோட்டையையே இடித்த ஊர். 1840-ஐ ஒட்டி, கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், மதிலை இடித்து அகழியைத் தூர்த்து வீதியாக்கினார்கள். அந்த வேலையில் முன்நின்ற மாரட், பெருமாள் மேஸ்திரி இருவர் பெயரிலும் இன்றைக்கும் வீதிகள் இருக்கின்றன. கோட்டைக்கே அந்தக் கதி என்றால், சக்கரம் கழன்ற ஒரு தடுப்புக்கு இவ்வளவு மரியாதை எதற்கு?

அடுத்த வருஷம் தேர் நிலைக்கு வந்த மறுநாளே எடுத்துவிடுங்கள். இந்த வருஷத்துக்கு, சிலிண்டர் வண்டி நுழைய நாலடி ஒதுக்கி வைத்தாலே போதும். கயிற்றை நாங்களே அவிழ்த்துவிடலாம்தான். அவிழ்த்தவன் மேல் கேஸ் வருமோ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
சந்துக்காரன்