ஜப்பான்காரன் காலத்து பார்ஜா? கரையோர வரலாறு தேடும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுப் பக்கம் கயாக்கில் போனபோது சேற்றில் பாதி புதைந்து கிடந்த இரும்பு பார்ஜை, அதாவது இழுவைப் படகு இழுத்துப் போகும் தட்டையான சரக்குப் படகை, படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள். ஜப்பான்காரன் காலத்தில், அதாவது இரண்டாம் உலகப் போரின்போது, குண்டு விழுந்து மூழ்கியது என்கிறார்களே, உண்மையா என்றும், ஏன் இன்னும் எடுக்காமல் விட்டிருக்கிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். இதே கேள்விகள் பலருக்கும் உண்டு. அதனால் பதிலை எல்லாரும் படிக்கிற மாதிரி இங்கேயே எழுதுகிறேன்.

எனக்கு அது போர்க்காலத்துப் பொருளாகத் தெரியவில்லை. தகடும் தகடும் சேரும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சட்டைப் பொத்தான் மாதிரி வரிசையாக ரிவெட் (தகடுகளைச் சேர்த்து அறையும் ஆணி) தலைகள் இருந்தால் பழைய கட்டுமானம். உங்கள் படத்தில் ஒரு ரிவெட் கூட இல்லை, நீளமான வெல்டிங் தழும்புதான் ஓடுகிறது. போர்க்காலத்திலும் வெல்டிங் இருந்ததால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அடுத்து துருவைக் கவனியுங்கள். கடல்நீரில் மூழ்கிய சாதாரண எஃகு ஒரு பக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 0.1 மி.மீ. தேயும். உள்ளும் புறமும் நீர் பட்டால் இரண்டு மடங்கு. அலை ஏறி இறங்கித் தெறிக்கிற பட்டையில் இன்னும் வேகமாகத் தின்னும். 10 மி.மீ. தகடு 80 ஆண்டு அந்தப் பட்டையில் நின்றுவிட்டு இப்படிக் கூர்மையான விளிம்போடு இருக்காது. சேற்றுக்குள் புதைந்த பகுதிக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஆக்சிஜன் குறைவு, துருவும் மெதுவாகத்தான் பிடிக்கும்.

மேல்தளத்தின் ஓரத்தில் கம்பங்கள் நிற்கின்றன பாருங்கள், அவை பக்கப் பலகைகளைத் தாங்கியவை. மணலோ கருங்கல் சல்லியோ கொட்டினால் சரியாமல் இருக்க அந்தப் பலகைகள் வேண்டும். பெட்டிச் சரக்கு ஏற்றுகிற பார்ஜுக்கு அவை தேவையில்லை. ஆக, கட்டுமானப் பொருள் சுமந்த பார்ஜ் என்றே சொல்வேன். அந்தக் கரைக்கு அது பொருத்தமும்கூட. ஜோகூர் பாலத்துக்கும் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும் போன கருங்கல் உபினில் வெட்டியதுதான். கடைசிக் கல்லுடைப்புச் சுரங்கம் 1999-ல் மூடப்பட்டது. கல்லும் மணலும் வெளியிலிருந்தும் பார்ஜ்களில் வந்தன. 2007-ல் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியைத் தடை செய்ததும் பார்ஜ்கள் இன்னும் தூரத்திலிருந்து வர வேண்டியதாயிற்று.

குண்டு விழாமல் எப்படி மூழ்கும் என்று கேட்பீர்கள். பெரும்பாலும் மேன்ஹோல் மூடிதான் காரணம். பார்ஜின் உள்ளே காற்று நிறைந்த தனித்தனி அறைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மேல்தளத்தில் நீள்வட்டத் துளையும், ரப்பர் வளையம் வைத்துப் போல்ட் போட்டு இறுக்கும் மூடியும் இருக்கும். ரப்பர் காய்ந்துபோனாலோ நாலு போல்ட்டில் இரண்டை மட்டும் முடுக்கிவிட்டுப் போனாலோ, மழையும் அலையும் மெல்ல உள்ளே இறங்கும். 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3.5 மீட்டர் உயரம் உள்ள ஓர் அறை நிறைந்தால் 252 கன மீட்டர் கடல்நீர், அதாவது ஏறக்குறைய 258 டன். அத்தனையும் ஒரே பக்கத்தில் ஏறினால் பார்ஜ் சாயும், மேலே இருக்கிற ஈர மணல் அந்தப் பக்கமே சரியும். தளத்தின் விளிம்பு நீருக்குள் போனதும் பக்கத்து அறையின் மூடியும் கசியத் தொடங்கும். இதற்கிடையே, குழாய் போடத் தடுப்புச் சுவரில் துளை போட்டுவிட்டு யாராவது அடைக்காமல் விட்டிருந்தால் ஓர் அறையில் புகுந்த தண்ணீர் அடுத்த அறைக்கும் போய்விடும்.

ஆழமில்லாத இடத்தில் கிடப்பதும் பல நேரம் தற்செயலல்ல. கசியும் பார்ஜை நடுக்கடலில் விட்டால் கப்பல் போகும் வழி அடைபடும். அதனால் இழுவைப் படகுக்காரர் ஏற்றத்தில் (கடல்நீர் உயரும்போது) அதைக் கரைச்சேற்றில் ஏற்றிவிட்டு, வற்றில் (நீர் இறங்கும்போது) ஓட்டையை அடைக்கலாம் என்று கணக்குப் போடுவார். சேறு அடியைப் பிடித்துக்கொண்டால் கணக்கு தப்பும். துறைமேடையில் கட்டிப்போட்டதுகூட மூழ்கும். வற்றின்போது தளத்தின் விளிம்பு மேடையின் குறுக்குக் கட்டைக்குக் கீழே மாட்டிக்கொண்டால், ஏற்றத்தில் பார்ஜ் எழும்ப முடியாமல் தண்ணீர் உள்ளே புகும்.

ஏன் இன்னும் எடுக்காமல் விட்டிருக்கிறார்கள் என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இந்த ஆழம்தான் பதில். பளுதூக்கி ஏற்றிய படகு மிதக்கத் தண்ணீர் போதாது, லாரி வரச் சேறு விடாது. வற்றில் ஓட்டைகளை ரப்பரும் தகடும் வைத்து அடைக்க வேண்டும். பிறகு எந்த அறையை முதலில் இறைப்பது என்று முறை போட்டு இறைக்க வேண்டும். பாதி நிறைந்த அறையில் தண்ணீர் பக்கவாட்டில் புரண்டால் பார்ஜ் கவிழும், ஆகவே எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இறைக்கக்கூடாது. அடிச்சேற்றின் பிடியைத் தளர்த்த நீரைப் பீய்ச்சி ஒரு முனையை முதலில் எழுப்புவார்கள். அதுவும் முடியாதென்றால் வற்று நேரத்தில் துண்டு துண்டாக வெட்ட வேண்டியதுதான். செலவு பார்ஜின் விலையை மிஞ்சிவிடும். சிங்கப்பூரில் 2017-ல் வந்த சிதைவு அகற்றும் சட்டம் அந்தப் பொறுப்பைக் கப்பல் உரிமையாளர் மேல் வைத்து, மொத்த டன்னேஜ் (எடையல்ல, கப்பலின் உள்ளளவைக் காட்டும் எண்) 300-ம் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்குக் காப்புறுதியையும் கட்டாயமாக்கியது. அதற்குக் கீழே உள்ள சின்னப் பார்ஜ்கள் விஷயத்தில்தான் சிக்கல்.

நம் ஆட்களுக்கும் இந்தச் சரக்குப் படகுத் தொழிலில் பங்கு உண்டு, நீங்கள் எழுதும் கட்டுரையில் அதை விட்டுவிடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிங்கப்பூர் ஆற்றில் சரக்குத் தோணி ஓட்டியவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். பிறகு ஹொக்கியன், தியோச்சியூ சீனர்கள் கைக்குத் தொழில் போனது. 1977-ல் தொடங்கிய ஆற்றுத் தூய்மைப் பணியின்போது, 1983-ல், சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன. அந்த மரத் தோணிகள் மூழ்கினால் கடற்புழு தின்றுவிடும், சேறு மூடிய அடிப்பகுதி மட்டும் மிஞ்சும். உங்கள் இரும்பு பார்ஜ் கண்ணில் படுவதும் அவை படாததும் அதனால்தான். இன்னொன்று: 2014 கடைசியில் சிங்கப்பூரின் பெட்ரா பிராங்கா தீவுப் பாறை அருகே ஒரு பார்ஜ் தரைதட்டியது. 2015-ல் அதன் சிதைவை அகற்றப் போன முக்குளிப்பாளர்கள் கண்ணில் பீங்கான் தட்டுகள் பட்டு, 14ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்று வெளிவந்தது. பழைய பார்ஜைப் பார்த்து 'வெறும் குப்பை' என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

திரும்பப் போவதாக இருந்தால் ஓத அட்டவணையில் (கடல்நீர் ஏறி இறங்கும் நேரமும் உயரமும் காட்டும் பட்டியல்) 0.2 மீட்டருக்குக் கீழே இறங்கும் நாளாகப் பாருங்கள். ஆண்டின் நடுப்பகுதியில் அது விடியற்காலையில் வரும், ஆண்டுக் கடைசியில் மாலையில். கடல் வரைபடத்தில் அந்த இடத்துக்கு ஆழம் 0.8 மீட்டர் என்று போட்டிருந்து, ஓதம் 0.1 என்றால் தண்ணீர் 0.9 மீட்டர். 2.4 மீட்டர் உயரப் பார்ஜ் சேற்றுக்குள் இறங்காமல் இருந்தால் 1.5 மீட்டர் மேலே தெரியும். குறைவாகத் தெரிந்தால் மிச்சம் சேற்றுக்குள் இருக்கிறது. படமெடுத்த நிமிடத்தை எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் இந்தக் கணக்கு நிற்காது.

மேலே மட்டும் ஏறாதீர்கள். துருப்பிடித்த தளம் பார்க்க முழுசாக இருந்தாலும் கால் வைத்தால் உள்ளே போகும். மூடிய அறையில் துரு ஆக்சிஜனை உறிஞ்சியிருக்கும், ஒரு மேன்ஹோலுக்குள் தலையை நீட்டினாலே மயங்கி விழ அது போதும். எண்ணெய்ப் படலம் மிதந்தால் கடல்துறை, துறைமுக ஆணையத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

எனக்கு வேண்டியது பின்பக்கப் படம். பெயரையும் பதிவுத் துறைமுகத்தையும் அங்கே வெல்டிங்கிலேயே எழுத்தாக மேடாக்கி வைக்கிற வழக்கம் உண்டு. பெயின்ட் உதிர்ந்தாலும் அந்த மேடு நிற்கும். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பக்கவாட்டிலிருந்து எடுங்கள், நேராக எடுத்தால் தெரியாது. சிப்பி மூடியிருந்தால் சுரண்ட வேண்டாம், அப்படியே எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்