காயப்பட்டவனுக்குத்தான் ஏச்சுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் இலங்கை வேகப்பந்து வீச்சாளர்கள் ஏன் இப்படி அடிக்கடி காயப்படுகிறார்கள் என்று கடந்த ஞாயிறு தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு பத்தி வந்திருந்தது. அரைப்பக்கம் எழுதிக் கடைசியில் தங்கள் பத்தியாளர் கண்டுபிடித்த காரணம், இந்தக் காலத்துப் பொடியன்களுக்கு மனத்தெம்பு போதாது என்பது. நல்லது. கிரிக்கெட் சபை இனிப் பிசியோக்களுக்குச் சம்பளம் கொடுத்து மினக்கெடத் தேவையில்லை. ஆளுக்கொரு தன்னம்பிக்கைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் முடிந்தது.

முதுகில் அழுத்த முறிவு, அதாவது ஓயாத பாரத்தால் எலும்பில் விழும் மெல்லிய வெடிப்பு, வந்து இந்தியாவின் பும்ரா 2022 இருபது20 உலகக் கிண்ணத்துக்கே போகவில்லை. அடுத்த வருடம் நியூசிலாந்தில் சத்திரசிகிச்சை. அவருக்கும் தெம்பில்லை என்று தங்கள் பத்தியாளர் எழுதுவாரா? பாரம் கூடாமல் இருக்க, 2025இல் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்ட்களில் மூன்றில்தான் விளையாடுவார் என்று முன்கூட்டியே சொல்லி, அப்படியே செய்தார்கள். அதற்கும் ஏச்சு. எங்கள் மாலிங்க 2011இல் முழங்காலைக் காப்பாற்ற டெஸ்ட்டை விட்டபோது காசுக்காக விட்டார் என்று பேசிய வாய்கள் எத்தனை என்று தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சர்வதேச ஒலிம்பிக் குழுவின் நிபுணர்கள் 2016இல் வீரர்கள் மேல் விழும் சுமையைப் பற்றி இரண்டு பாகமாக அறிக்கை வெளியிட்டதும் தங்களுக்குத் தெரிந்ததுதான். ஒன்று காயத்துக்கு, மற்றது நோய்க்கு. சுமை என்று அவர்கள் கணக்கெடுப்பது பயிற்சியையும் போட்டியையும் மட்டுமல்ல. பயணம், மனநெருக்கடி எல்லாம் அதற்குள் வரும். பாரம் கூடுவதைவிடத் திடீரென்று கூடுவதுதான் பொல்லாதது. ஒரு மாதம் சும்மா இருந்தவனை அடுத்த கிழமை பிழிந்தெடுத்தால் தசை கிழியும், எலும்பு வெடிக்கும். அது மட்டுமா, மனம் நெருக்குப்பட்டால் தசை இறுகும், ஓரப் பார்வை சுருங்கும், கவனம் சிதறும் என்று வில்லியம்ஸ், அன்டர்சன் என்ற இருவர் 1988இலேயே எழுதிவிட்டார்கள். மனத்துக்கும் காயத்துக்கும் தொடர்பு இருக்கிறது, ஆனால் பத்தியாளர் நினைக்கிற பக்கமாக அல்ல.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. திருகோணமலை மாவட்டப் பாடசாலைகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இங்கே ஒரு பிள்ளை நன்றாக ஓடினால் அதற்குத் தண்டனை, எல்லாவற்றுக்கும் அந்தப் பிள்ளைதான். எனக்குத் தெரிந்த ஒரு பெண்பிள்ளை, 800, 1500 மீற்றர் ஓட்டம் இரண்டிலும் மாகாணத்தில் முதலிடம். அஞ்சலோட்டத்துக்கும் அவள், வலைப்பந்துக்கும் அவள், பரிசளிப்பு விழாவில் விளக்குப் பிடிக்கவும் அவள். உயர்தரப் பரீட்சை வருடம் வேறு. விடியற்காலை டியூசன், பின்னேரம் கச்சான் காற்று அனலாய் அடிக்கிற மைதானத்தில் பயிற்சி, இரவு படிப்பு. நித்திரை எங்கே? வலயப் போட்டி முடிந்த கையோடு மாகாணம். அப்புறம் கொழும்புக்கு இரவு பஸ், விடிந்ததும் சுகததாச மைதானத்தில் தகுதிகாண் ஓட்டம்.

ஒருநாள் அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். கணுக்காலுக்குச் சற்று மேலே, உள்பக்க எலும்பில் பெருவிரலை வைத்து மெல்ல அழுத்தினேன். ஒரே இடம், விரல் அகலம்தான். துள்ளிவிட்டாள். எக்ஸ்-ரேயில் ஒன்றும் இல்லை என்று வந்தது. அழுத்த முறிவு ஆரம்பத்தில் எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் தெரியாது என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். யார் கேட்டது? பிள்ளை நடிக்கிறாள், பரீட்சைப் பயம் என்று ஒரு பெரியவர் சொன்னார். சில கிழமை கழித்து எடுத்த படத்தில் எலும்பு பொருந்தி வளரும் அடையாளம் தெரிந்தது. நடிப்பு எலும்பு வரைக்கும் போய்விட்டது பாருங்கள்.

பரீட்சைப் பயம் என்றாரே, அதிலும் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் மிசூரி பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் 101 பேரைப் பார்த்தவர்கள், பரீட்சைக் கிழமைகளில் காயம் கூடுவதைக் கண்டார்கள். நோயும் அப்படித்தான். 1987 லொஸ் ஏஞ்சல்ஸ் மரதனில் ஓடியவர்களில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 13 பேருக்கு அடுத்த கிழமைக்குள் தடிமன், காய்ச்சல் என்று ஏதோ வந்தது. அவர்களைப்போலப் பயிற்சி செய்தும் அன்று ஓடாதவர்களில் நூற்றுக்கு 2 பேருக்குத்தான். எங்கள் பிள்ளைகள் பதக்கத்தோடு திரும்பி மூன்றாம் நாள் காய்ச்சலில் படுத்தால் கண்ணூறு பட்டுவிட்டது என்று தாய்மார் மிளகாய் சுற்றிப் போடுகிறார்கள். தாய்மாரைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வேறு காரணம் யார் சொன்னார்கள்?

இதையெல்லாம் கணக்குப் பார்க்கக் கோடிக்கணக்கில் கருவி தேவையில்லை. பயிற்சி முடிந்து அரைமணி நேரத்தில், எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பத்துக்குப் புள்ளி கேளுங்கள். அதை நிமிடத்தால் பெருக்குங்கள். ஒரு மணிநேரப் பயிற்சிக்குப் பிள்ளை 7 சொன்னால் 420. கார்ல் ஃபொஸ்டர் என்பவர் வகுத்த முறை இது, ஒரு கொப்பியும் பேனாவும் போதும். கிழமைக் கூட்டுத்தொகை திடீரென்று எகிறினால் பிள்ளையை ஒதுக்கி உட்கார வையுங்கள். நான் அந்தக் கொப்பியைக் கூட்டத்துக்குக் கொண்டுபோனபோது, சேர் இப்போது கணிதமும் படிப்பிக்கிறாரோ என்று சிரித்தார்கள். அதே ஆட்கள்தான் பிரதம விருந்தினர் வரும்வரை அணிநடைப் பிள்ளைகளை மொட்டை வெயிலில் நிறுத்திவிட்டு, அவர் வந்து உரையாற்றி முடிந்ததும் 1500 மீற்றருக்கு விசில் ஊதுவார்கள்.

தங்கள் பத்திரிகையும் சும்மா இல்லை. அந்தப் பிள்ளை வென்றபோது படம் போட்டீர்கள். நடுவில் அதிகாரி, ஓரத்தில் அவள், பெயரில் எழுத்துப்பிழை. காலொடிந்து கிடந்தபோது ஒரு வரி இல்லை.

நான் கேட்பது பெரிதல்ல. இனி ஒரு வீரர் காயத்தால் விலகினார் என்று செய்தி போடும்போது, அதற்கு முந்தைய மாதம் அவர் எத்தனை போட்டி விளையாடினார் என்று பக்கத்தில் ஒரு வரி சேருங்கள். அந்தத் தகவல் தங்கள் விளையாட்டு நிருபரிடம் கட்டாயம் இருக்கும். இடம் போதாமல் இக்கடிதத்தைச் சுருக்குவதானால், பத்தியாளரைப் பற்றிய வரிகளைத் தாராளமாக வெட்டுங்கள். பிள்ளையைப் பற்றியதில் கைவைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.