மதுரை – அநுராதபுரம் மின்பாதை: கேபிளுக்கு முன் முடிவாக வேண்டியவை

ஆசிரியருக்கு,

வணக்கம். மதுரையையும் அநுராதபுரத்தையும் உயர் அழுத்த டி.சி. (ஒரே திசையில் பாயும் நேர்மின்சாரம்) மின்பாதையால் இணைக்க 2025 ஏப்ரலில் இந்தியாவும் இலங்கையும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. அது முதல் பேச்சு முழுவதும் கடலடிக் கேபிளையும் செலவையும் சுற்றியே நடக்கிறது. திட்டத்தின் உயிரோ, ஏ.சி.யை (திசை மாறிப் பாயும் வழக்கமான மின்சாரம்) டி.சி.யாகவும், டி.சி.யை மீண்டும் ஏ.சி.யாகவும் மாற்ற இரு முனைகளிலும் அமையும் மாற்றி நிலையங்களில் இருக்கிறது.

கடல் தூரத்துக்காகத்தான் டி.சி. என்று பலர் நினைக்கிறார்கள். வங்கதேசத்தின் பேராமாராவில் 2013 முதல் இயங்கும் நிலையத்தைப் பாருங்கள். டி.சி. மின்சாரம் அந்த வளாகத்துக்குள்ளேயே பிறந்து அங்கேயே முடிகிறது. வெளியே ஒரு மீட்டர் டி.சி. கம்பிகூடக் கிடையாது. இந்திய, வங்கதேச மின்தொகுப்புகளை ஒன்றோடொன்று நேரடியாகப் பிணையாமல் பிரித்து வைப்பதே அதன் வேலை. இந்தியாவின் உச்சத் தேவை 2024 மே மாதம் 250 கிகாவாட்டைத் தொட்டது. இலங்கையின் தேவை 3 கிகாவாட்டுக்கும் கீழே. இரண்டையும் ஏ.சி.யில் நேரடியாகக் கோத்தால், இங்கே ஒரு பெரிய அனல்மின் அலகு நின்றவுடன் எழும் அலைவு அந்த மெல்லிய இணைப்பில் பாயும். இணைப்பு சுமை தாங்காமல் போக, ரிலே என்னும் காப்புக் கருவி அதைத் துண்டித்துவிடும். இடையில் மாற்றி நிலையம் இருந்தால் நாம் சொன்ன மெகாவாட் மட்டுமே கடக்கும்.

எந்த வகை மாற்றி என்பதுதான் முதல் முடிவு. மின்னோட்டத்தைத் திறந்து மூடும் குறைக்கடத்திக் கருவியைப் பொறுத்து மாற்றிகள் இரு வகை: தைரிஸ்டர், டிரான்சிஸ்டர். தைரிஸ்டர் வகை விலை குறைவு, மின் இழப்பும் குறைவு. ஆனால் அது எதிர்முனைத் தொகுப்பின் மின்னழுத்தத்தை நம்பி இயங்குவது. அந்தத் தொகுப்பின் வலிமையைக் காட்டும் குறுக்குச்சுற்றுத் திறன் மாற்றியின் திறனைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்காவது இருக்க வேண்டும்; இல்லையென்றால் அருகில் இடி விழுந்து அழுத்தம் சற்றுத் தாழ்ந்தாலே மாற்றி தடுமாறும். கூரைச் சூரியத் தகடுகள் ஓடி, பெரிய எந்திரங்கள் ஓய்ந்திருக்கும் விடுமுறை நாளின் நண்பகலில் இலங்கையின் தொகுப்பு மிகவும் மெலிந்திருக்கும். 2025 பிப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கால் நேர்ந்த கோளாறு தீவு முழுவதையும் இருளாக்கியது அத்தகைய வேளையில்தான். தைரிஸ்டர் நிலையம் இருந்திருந்தால் அதுவும் சேர்ந்தே படுத்திருக்கும். டிரான்சிஸ்டர் வகையோ தானே மின்னழுத்தத்தை உருவாக்கி, இருண்ட தொகுப்பைத் தட்டி எழுப்பக்கூடியது. கூடுதல் விலை கொடுத்தும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதைக் கற்க வெகுதூரம் போக வேண்டாம். கரூர் மாவட்டம் புகளூரில் இரு வகையும் இருக்கின்றன: சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து வரும் 6,000 மெகாவாட் பாதை தைரிஸ்டர், திருச்சூருக்குப் போகும் 2,000 மெகாவாட் பாதை டிரான்சிஸ்டர். இலங்கைப் பொறியாளர்கள் இங்கே ஓர் ஆண்டாவது ஷிப்டில் நின்று வேலை பார்க்கட்டும். மாற்றியின் வால்வுகளை (அந்தக் குறைக்கடத்திகளின் அடுக்குகள்) குளிர்விக்கும் நீரின் மின்கடத்துதிறன் பொதுவாக சென்டிமீட்டருக்கு அரை மைக்ரோசீமென்ஸுக்குள் இருக்க வேண்டும். அது ஏறினால் நீரைச் சுத்திகரிக்கும் ரெசின் தீர்ந்துவிட்டதா, குழாயிலிருந்து உலோகம் கரைகிறதா என்பதை எந்த வகுப்பறையும் சொல்லித்தராது.

அடுத்து, எவ்வளவு வாங்குவது? சுமை 1,500 மெகாவாட்டாக இருக்கும் மதியத்தில் ஒரே இணைப்பில் 500 மெகாவாட் வாங்கிவிட்டு அது அறுந்தால், மூன்றில் ஒரு பங்கு ஒரே நொடியில் போய்விடும். திடீரென எத்தனை மெகாவாட்டை இழந்தாலும் தீவு தாங்குமோ, அதுவே அந்த மணி நேரத்தின் உச்சவரம்பு. இரு துருவ அமைப்பும் (நேர், எதிர் என இரு தனிப் பாதைகள்), மின்னோட்டம் திரும்பி வரத் தனி உலோகத் திரும்புகம்பியும் இருந்தால் ஒரு துருவம் விழுந்தாலும் பாதி மின்சாரம் மிஞ்சும். அந்தக் கம்பிக்குப் பதிலாகக் கடல்நீர் வழியே மின்னோட்டத்தைத் திருப்பிச் செலவைக் குறைக்கப் பார்க்கக் கூடாது. கரையோரக் குழாய்களும் இரும்புக் கட்டுமானங்களும் அரித்துப்போகும்.

கணக்கு வழக்கிலும் கவனம் தேவை. இந்தியாவில் மின்சாரத்தைக் கணக்கிட ஒரு நாளை 15 நிமிடங்கள் வீதம் 96 கட்டங்களாகப் பிரிக்கிறோம். இலங்கையின் கடிகாரம் நம்முடையதே, அது நல்வாய்ப்பு. நேபாளமோ சரியாக 15 நிமிடம் முந்தியது. அப்படிப்பட்ட நாட்டுடன் யாருடைய நேரம் என்று அட்டவணையில் எழுதாவிட்டால் கணக்கு ஒரு கட்டம் தள்ளிப்போகும்.

பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, இழுவலைகள் தரையை உரசும் கடல். எனவே கேபிளை மணலுக்கடியில் ஒன்றிரண்டு மீட்டர் புதைக்க வேண்டும். பாதையை வரையும் முன் இரு கரை மீனவர்களிடமும் கேட்க வேண்டும். பெரிய கேபிள் கப்பல் உள்ளே வர இயலாத இடங்களுக்குத் தட்டைப் படகு வேண்டும். அறுந்த பிறகு கேபிளுக்கு ஆர்டர் கொடுத்தால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். மாற்றுக் கேபிளையும் இணைப்பு மூட்டுகளையும் முதல் ஒப்பந்தத்திலேயே சேர்த்து, ராமநாதபுரம் கரையிலோ மன்னாரிலோ ஒரு பொதுக் கிடங்கில் வைக்க இரு அரசுகளும் இப்போதே எழுதிக்கொள்ள வேண்டும்.

– மின்தொடரமைப்புப் பொறியாளர், மதுரை