காக்கி உடுப்புக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் தமிழ்ப்பள்ளி நூலகத்தில் ஒரு காக்கி உடுப்பை வைக்கப் போகிறோம். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென்றே இருந்த ஜான்சி ராணிப் படையை நடத்திய கேப்டன் லட்சுமி அணிந்ததைப் போன்ற உடுப்பு. முதலிலேயே சொல்லிவிடுகிறோம், அவர் போட்டிருந்த அதே சட்டை அல்ல இது. பழைய புகைப்படங்களைப் பார்த்துத் தைக்கும் நகல். பெட்டியின் மேலும் அப்படியே எழுதி வைப்போம்.

நகலுக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

லட்சுமி 1914இல் பிறந்தவர். சென்னையில் மருத்துவம் படித்துவிட்டு சிங்கப்பூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். 1943 ஜூலையில் நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை தர அவர் திரட்டிய 20 பெண்களும் சேலையில்தான் துப்பாக்கி பிடித்து நின்றார்கள். அக்டோபரில் பயிற்சி முகாம் திறந்ததும் சேலை போய்க் காக்கி வந்தது. சட்டை, கால்சட்டை, பெல்ட், பூட்ஸ், தொப்பி. சேர்ந்தவர்களில் பலர் மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய குடும்பத்துப் பெண்கள், இந்தியாவைக் கண்ணால் கண்டிராதவர்கள். அந்தக் காலத் தோட்டத்தில் ஒரு பெண் கால்சட்டை போடுவது எவ்வளவு பெரிய சங்கதி! பாடப்புத்தகத்தின் இரண்டு வரியில் அது வராது. உடுப்புக்கு எதிரே நிற்கும் பிள்ளை தானாகவே கேட்கும்.

துணியும் தையலும் பெரிய செலவில்லை. தையற்கடை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் கூலியே வேண்டாம் என்றுவிட்டார். பணத்தைத் தின்பது பெட்டிதான். நம் ஊர்ப் புழுக்கத்தில் பருத்தியில் பூஞ்சை பிடிக்கும், வெளிச்சத்தில் சாயம் வெளிறும். அருங்காட்சியகங்களில் பழந்துணிக்கு 50 லக்ஸ் அளவு, அதாவது மங்கலான வெளிச்சம்தான் காட்டுவார்கள். அந்த ஏற்பாடு நமக்கும் வேண்டும், ஏனென்றால் மேல் தட்டில் நகல் இருந்தாலும் கீழ்த் தட்டை அந்த ராணுவத்தில் இருந்தவர்களின் அசல் பொருள்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம்.

உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் தாத்தாவின் தொப்பியோ பாட்டியின் சட்டையோ கிடந்தால் கொண்டு வாருங்கள். தயவுசெய்து துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், கிழிசலைத் தைக்காதீர்கள். 1805இல் டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் அணிந்திருந்த கோட்டு இன்றும் லண்டன் கிரீனிச்சில் இருக்கிறது. இடது தோளில் குண்டு துளைத்த ஓட்டையை யாரும் அடைக்கவில்லை, பார்க்கப் போகிறவர்கள் அதைத்தானே பார்க்கிறார்கள்! அந்தக் கோட்டை வாங்கவும் 1845இல் பொதுமக்களிடம் பணம் திரட்டத்தான் முயன்றார்கள். அதற்குள் இளவரசர் ஆல்பர்ட் 150 பவுண்டு கொடுத்து வாங்கித் தந்துவிட்டார். நமக்கு இளவரசர் யாரும் இல்லை, நாமே போட்டால்தான் உண்டு.

மொத்தச் செலவு 6,500 வெள்ளி. இதுவரை 2,150 சேர்ந்திருக்கிறது. பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன் என்று அறியப்பட்ட கோலாலம்பூர்ப் பெண், நேதாஜியின் பேச்சைக் கேட்டுக் காதுத் தோட்டையே கழற்றிக் கொடுத்தார், அப்புறம் படையிலும் சேர்ந்தார். நீங்கள் தோட்டைக் கழற்ற வேண்டாம். 10 வெள்ளியானாலும் சரி, பள்ளி அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். மிஞ்சும் பணம் நூலகத்துக்கே போகும்.

பழைய பொருள் தருபவர்கள் அது யாருடையது, எப்படி உங்கள் கைக்கு வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். திரும்ப வேண்டுமென்றால் அதையும் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஏற்பாட்டுக் குழுவினர்