ஒரே மரத்தை எத்தனை முறை அளப்பது?

அன்புள்ள சிவராமா,

உன் கடிதம் வந்து வெகுநாள் ஆகிவிட்டது. முழங்கால் வலி, பேத்தியின் பரீட்சை என்று பதில் தள்ளிப்போயிற்று. மற்றபடி எல்லோரும் நலம்.

“முதுமலையில் முப்பது வருடத்துக்கு மேலாக அதே மரங்களையே அளக்கிறார்களாமே, மரம் என்ன ஓடியா போய்விடும்?” என்று கேட்டிருந்தாய். ஆயுள் முழுக்க வங்கிப் பேரேடுகளைத் தணிக்கை செய்தவன் கேட்கிற கேள்வியா இது!

1988-இல் இந்திய அறிவியல் கழகத்தின் சுகுமார் குழுவினர் அங்கே 50 ஹெக்டேர் இலையுதிர் காட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள குச்சி முதற்கொண்டு எல்லாவற்றுக்கும் எண் தகடு கட்டி, வரைபடத்தில் குறித்தார்கள். மொத்தம் 25,929 தண்டுகள், 71 இனங்கள். தேக்கு, வெண்தேக்கு, கருமருது, வெக்காலி எல்லாம் அதில் உண்டு. எது செத்தது, எதனால் செத்தது, புதிதாக எது தலையெடுத்தது என்று ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பருமனையும் அளக்கிறார்கள். யானை நிற்கிற காட்டில், லாண்டானா என்கிற உண்ணிச்செடிப் புதருக்குள் குனிந்து தகடு தேட வேண்டும். காடறிந்த பழங்குடி உதவியாளர்கள் இல்லாவிட்டால் ஒரு நாள்கூட நடக்காத வேலை.

தொண்ணூறுகளில் அங்கே அடிக்கடி தீ பரவியது. சிறு தண்டுகள் கொத்துக் கொத்தாகக் கருகின. கைடியா என்றொரு மரம் ஆயிரக்கணக்கில் இருந்தது. அதன் பட்டை யானைக்கு உயிர். சில ஆண்டுகளில் பெரும்பகுதி காலி. அந்தப் பத்தாண்டை மட்டும் பார்த்தவன் ‘காடு அழிகிறது’ என்று எழுதியிருப்பான். பிறகு தீயில்லாத சில ஆண்டுகள் தொடர்ந்து கிடைத்தன. மேலே கருகினாலும் வேர் சாகவில்லை. அடியிலிருந்து துளிர்த்தவை மறுபடியும் கணக்கில் ஏறின. அப்போது மட்டும் போனவன் ‘காடு செழிக்கிறது’ என்று எழுதியிருப்பான். இரண்டையும் சேர்த்துப் படிக்க ஒரே இடத்தில் பிடிவாதமாக நின்றவர்களால்தான் முடிந்தது.

எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த செய்தி இன்னொன்று. மழை பொய்த்தால் பெரிய மரங்கள் அந்த வருடமே சாவதில்லை. பத்தொன்பது ஆண்டுக் கணக்கைப் புரட்டியபோதுதான், இரண்டு மூன்று ஆண்டு கழித்து இறப்பு கூடுவது தெரிந்தது. யோசித்துப் பார். நல்ல மழை பெய்கிற வருடத்தில் ஒரு கருமருது பட்டுப்போய் நிற்கும். பார்க்கிறவன் பூச்சி என்பான், நோய் என்பான். அதைக் கொன்ற வறட்சியை எல்லோரும் மறந்திருப்பார்கள். மூன்று ஆண்டுத் திட்டத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு அறிக்கை கேட்கிறவர்களுக்கு இது எப்படிப் புரியும்?

மழைக்காட்டுக்கு வக்காலத்து வாங்க ஊரெல்லாம் ஆள் உண்டு. மாசி, பங்குனியில் மொட்டையாக நிற்கிற இந்தக் காட்டைப் பார்ப்பவர்கள் ‘பொட்டல்’ என்று சொல்லிவிட்டு, ஏதாவது நடலாமே என்று மரக்கன்றோடு கிளம்பிவிடுகிறார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் எரிச்சலாக வருகிறது. உண்ணிச்செடியும் அழகுக்கென்று கொண்டுவந்து வைத்ததுதானே? இன்று புலிகள் காப்பகம் முழுக்க அதோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டும். கூடலூரில் உன் மாமனார் எஸ்டேட்டில் தினமும் மழையளவு எழுதிய நோட்டுகள் இருந்தனவே, இன்னும் இருக்கின்றனவா? அந்தப் பக்கம் பெய்கிற மழை, கிழக்கே மசினகுடியைத் தாண்டினால் பாதிகூட இராது. இடத்துக்கு இடம் இப்படி மாறுவதால் பழைய கணக்கு ஒவ்வொன்றும் பயன்படும். வீட்டை விற்கப் போவதாக எழுதியிருக்கிறாய். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதே. பூச்சி அரித்திருந்தாலும் பரவாயில்லை, அப்படியே பார்சலில் அனுப்பு. செலவு என்னுடையது.

தங்கைக்கு என் அன்பைச் சொல்.

உன்,
வேலு