திம்புக்டுவுக்கு முன்பே ஒரு நகரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலுள்ள பழைய வணிக நகரமான திம்புக்டு பற்றி வெளியான கட்டுரையை விரும்பிப் படித்தேன். மாலிப் பேரரசர் மன்சா மூசா 1324-இல் கெய்ரோவில் தங்கத்தை வாரியிறைத்த கதை எத்தனை முறை கேட்டாலும் அலுப்பதில்லை. ஆனால், சகாராவைக் கடந்து வந்த அரபு வணிகர்களால்தான் மேற்கு ஆப்பிரிக்காவில் நகரங்களே தோன்றின என்று கட்டுரையாளர் போகிற போக்கில் சொல்லியிருப்பதை ஏற்பதற்கில்லை. அந்தக் கருத்து அடிபட்டுப் போய் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

மாலி நாட்டில், நைஜர் ஆற்றின் உள்நாட்டு வடிநிலத்தில், ஜென்னே நகருக்குச் சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் ஒரு மண்மேடு இருக்கிறது. பெயர் ஜென்னே-ஜெனோ. சூசன் மெக்கின்டோஷ், ரோடரிக் மெக்கின்டோஷ் என்ற தொல்லியல் தம்பதியர் 1977-லும் 1981-லும் அங்கே அகழாய்வு நடத்தினார்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே மக்கள் அங்கே குடியேறிவிட்டது தெரியவந்தது. கி.பி. 800-ஐ ஒட்டி அது சுமார் 33 ஹெக்டேர் பரப்புள்ள நகரம். சுற்றி ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில். அரபு வணிகம் அந்தப் பக்கம் வேரூன்றத் தொடங்கிய காலத்தில் ஊர் வளர்ந்து முடிந்திருந்தது. திம்புக்டுவோ 1100 வாக்கில்தான் பிறக்கிறது!

இந்த நகரம் எதை வைத்துப் பிழைத்தது என்பதுதான் சுவையான செய்தி. வெள்ளம் பாயும் அந்தச் சமவெளியில் நெல்லும் மீனும் ஏராளம். அது ஆசிய நெல் அன்று. ஆப்பிரிக்கர்கள் தாங்களாகவே பயிராக்கிய தனி இனம். ஆனால் இரும்புத் தாது கிடையாது, அரைக்கக் கல் கிடையாது, செம்பு கிடையாது. அப்படியிருந்தும் மிகப் பழைய மண்ணடுக்கிலேயே இரும்பு கிடைக்கிறது. பிறகு, அரபு வணிகர் வருவதற்கு முன்பே, தொலைதூரச் செம்பும் வந்து சேர்கிறது. மிஞ்சிய தானியத்தையும் மீனையும் கொடுத்து இவற்றை வாங்கியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ஒட்டகத்துக்கு முன்பே ஓடம் வணிகம் செய்திருக்கிறது. தங்கள் கட்டுரையுடன் வந்த வரைபடத்தில் எல்லா அம்புக்குறிகளும் வடக்கிலிருந்தே இறங்குகின்றன. நைஜர் ஆறு ஒரு மெல்லிய கோடாகக்கூட இல்லை. திம்புக்டுவுக்குச் சோறு போட்டதே அந்த ஆற்றில் ஜென்னேயிலிருந்து போன தானியப் படகுகள்தாம்.

இன்னொன்று. அகழ்ந்த இடங்களில் அரண்மனையோ அரச கல்லறையோ கிடைக்கவில்லை. பெரிய மேட்டைச் சுற்றிச் சிறு மேடுகள் பல. கொல்லர், மீனவர் எனத் தொழில்வாரியாகப் பிரிந்து வாழ்ந்து, ஒருவரையொருவர் சார்ந்திருந்த சமூகம் அது என்று மெக்கின்டோஷ் தம்பதியர் கருதுகிறார்கள். மன்னன் பெயரை வைத்தே வரலாறு படித்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் இடறத்தான் செய்யும்.

1400 வாக்கில் மக்கள் அந்த மேட்டைக் கைவிட்டார்கள். பிற்காலத்தில் அந்த வட்டாரத்துச் சுடுமண் சிற்பங்களுக்கு வெளிநாட்டில் விலை ஏற ஏற, திருட்டுத்தனமாகத் தோண்டுவோர் மேடுகளைக் குதறிவிட்டார்கள். எந்த அடுக்கில் கிடைத்தது என்று தெரியாத சிற்பம் சேகரிப்பாளரின் அலமாரிக்கு அழகு, வரலாற்றுக்குப் பயனில்லை. 1993-இல் அமெரிக்கா இவற்றின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. 1988-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜென்னே, 2016 முதல் ஆபத்திலுள்ள மரபுச் சின்னங்களின் வரிசையில் இருக்கிறது. இந்தச் சிலைக் கடத்தலைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றைத் தாங்கள் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்.