முழங்கால் நோவுக்காரரை வாவி கடக்க வைக்காதீர்கள்

மட்டக்களப்பு, கல்முனை பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும், பிரதேச வைத்தியசாலைகளின் வைத்திய அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் இந்தப் பக்கத்தில் வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட். கேட்பது ஒன்றுதான்: முழங்கால் தேய்மானத்துக்கான உடற்பயிற்சி வகுப்பைக் கிராமத்து வைத்தியசாலையிலேயே நடத்த எங்களை அனுப்புங்கள்.

இப்போது நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மண்டூர்ப் பக்கத்து அம்மா ஒருவருக்கு முழங்கால் நோவு என்று வைத்துக்கொள்வோம். முதலில் பனடோல், பிறகு டைக்குளோபினாக் குளிசை, நோவு நிற்கவில்லை என்றால் எக்ஸ்ரே. அதைப் பார்த்து யாரோ ஒருவர் "எலும்பு தேய்ஞ்சு போச்சு" என்று சொல்லிவிடுவார். தேய்ந்ததை இன்னும் தேய்ப்பானேன் என்று அவர் அன்றைக்கே நடையைக் குறைத்துவிடுவார். தொடைத் தசை மெலியும், நிறை கூடும், நோவும் ஏறும். இவ்வளவுக்கும் பிறகுதான் எங்களுக்குத் துண்டு வரும். அந்தக் காலோடு வாவியைக் கடந்து, களுவாஞ்சிகுடிக்கு வந்து, வரிசையில் இருந்தால் கிடைப்பது என்ன? பல இடங்களில் இன்னும் கரண்ட் பிடிப்பதுதான். சனத்துக்கும் அதுதான் வைத்தியம்; மெஷின் வைக்காவிட்டால் "ஒண்டும் செய்யல்ல" என்பார்கள்.

இங்கிலாந்தில் வைத்திய வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் நிறுவனம் 2022 ஒக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டி அல்ட்ராசவுண்ட், டென்ஸ் போன்ற மின்சிகிச்சைகளைத் தேய்மானத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்று நேரடியாகவே சொல்கிறது. பரசிற்றமோலை, அதாவது பனடோலை, வழக்கமாகக் கொடுக்கவும் வேண்டாம் என்கிறது. மருந்து தேவைப்பட்டால் முழங்காலுக்கு முதலில் பூசும் ஜெல். ஆனால் எல்லோருக்கும் என்று அது முன்னால் வைப்பது மூன்று: நோயைப் பற்றிய சரியான விளக்கம், அவரவருக்கு ஏற்ற உடற்பயிற்சி, நிறை கூடியவர்களுக்கு நிறை குறைப்பு. முழங்கால் விடயத்தில் சர்வதேச மூட்டுத் தேய்மான ஆய்வுச் சங்கமான ஓர்சியின் 2019 வழிகாட்டியும் இதே அடித்தளத்தில்தான் நிற்கிறது.

வைத்திய அதிகாரிகளுக்கு இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. வயது 45க்குக் குறையாமல், நடமாடும்போது நோவு வந்து, காலை விறைப்பு இல்லாமலோ அரை மணித்தியாலத்துக்கு மேல் நீடிக்காமலோ இருந்தால், எக்ஸ்ரே இல்லாமலே தேய்மானம் என்று முடிவு செய்யலாம். மூட்டு சூடாகி வீங்கியிருந்தால், விழுந்து அடிபட்டிருந்தால், நோவு திடீரென்று மோசமானால் அது வேறு கதை. மற்றவர்களை முதல் நாளே எங்களுக்கு அனுப்பலாம். எக்ஸ்ரே வரிசையும் குறையும்.

"எங்கட சனம் எக்ஸர்சைஸ் செய்யாது" என்ற பேச்சைப் பல இடங்களில் கேட்டுவிட்டேன். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. வயலில் குனிந்து நாற்று நட்ட கால்கள் அவை. பயிற்சி தொடங்கும்போது நோவு கொஞ்சம் கூடலாம், விடாமல் செய்தால் பிறகு குறையும் என்று யாரும் சொல்லாததால்தான் பலர் முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். படம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினால் அது அலுமாரிக்குள் போய்விடும். பக்கத்தில் நின்று பார்த்து, இன்றைக்கு எத்தனை, அடுத்த முறை எத்தனை என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய கிளாட் திட்டம் இதைத்தான் செய்கிறது: சில விளக்க வகுப்புகள், பிறகு 6 வாரத்தில் 12 பயிற்சி வகுப்புகள், நடத்துவது பயிற்சி பெற்ற பிசியோக்கள். கதிரையில் இருந்து எழும்புவது, படி ஏறுவது, கால் தசையைப் பலப்படுத்துவது போன்ற பயிற்சிகள்தான், பெரிய வித்தை ஒன்றுமில்லை.

அதை அப்படியே இங்கே இறக்கினால் சரிவராது. பெரும்போக அறுவடை நேரத்தில் வகுப்பு வைத்தால் வாவிக்கு மேற்கே, வயல் சூழ்ந்த படுவான்கரையில் ஒருவரும் வரமாட்டார்கள். காத்தான்குடி, ஓட்டமாவடி, சம்மாந்துறைப் பெண்களுக்குத் தனி நேரம், முடிந்தால் பெண் பிசியோ. அங்கே அடிக்கடி வரும் கேள்வி கதிரையில் இருந்து தொழலாமா என்பது. கோயிலுக்குப் போகும் அம்மாமார் நிலத்தில் இருந்து எப்படி எழும்புவது என்பார்கள். குந்தும் கழிவறை இரு பக்கத்துக்கும் பொதுவான கஷ்டம். வகுப்பு இவற்றில் இருந்து தொடங்க வேண்டும்.

ஆட்கள் காணாது என்பீர்கள். உண்மை, நாங்கள் கொஞ்சப் பேர்தான். அதனால்தான் ஒவ்வொருவராகப் பார்க்காமல், பத்துப் பேரை ஒன்றாக வைத்து வகுப்பு என்கிறேன். வாரத்துக்கு இரண்டு அரைநாள், ஒரு வைத்தியசாலையில் 6 வாரம், பிறகு அடுத்தது. நிறை பார்ப்பதற்கு ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் இருக்கவே இருக்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் வைத்துவிடலாம். பலன் உண்டா என்று பார்க்க, 30 செக்கனில் கதிரையில் இருந்து எத்தனை தரம் எழும்ப முடிகிறது என்பதை முதல் வாரமும் கடைசி வாரமும் எழுதி உங்களுக்கு அனுப்புகிறோம். தேறாதவர்களை எலும்பு முறிவு, மூட்டு சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்புவோம்.

எங்களுக்குத் தேவை கடமை நேர ஒழுங்கு, போக்குவரத்து, ஒரு மண்டபம், கைபிடி இல்லாத உறுதியான கதிரைகள். படுவான்கரையில் ஒன்று, கல்முனைப் பக்கத்தில் ஒன்று, எந்த வைத்தியசாலைகள் என்று நீங்களே தெரிவு செய்யுங்கள். திறப்பு விழா வேண்டாம், அந்த நேரத்துக்கும் ஒரு வகுப்பு வைத்துவிடலாம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட்